மேசையும் அலமாரியும்: மென்செஸ்டரிலிருந்து பத்து காவான் வரை கணினி நினைவகத்தின் கதை



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சுங்கை பாக்காப் வட்டாரத்தில் பழைய தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் கதைகளை எங்கள் படிவம் நான்கு மாணவர்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். அதில் ஒரு பாட்டியின் பேச்சு நாற்பது நிமிடம். லயத்து வாழ்க்கை, விடியற்காலைப் பெரட்டு, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வெளிக்காட்டுக்குப் போனது, எல்லாம் அவர் குரலிலேயே இருந்தது. பதிவைத் தமிழறைக் கணினிக்கு மாற்றினோம். "போன்ல இடம் பத்தல டீச்சர்" என்று சொல்லி மாணவி கைப்பேசியிலிருந்து அதை அழித்துவிட்டாள்.

இரைச்சலை நீக்கலாம் என்று ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்தேன். ஏற்கெனவே உலாவியில் இருபது பக்கங்கள், ஒரு படவில்லைக் காட்சி, மதிப்பெண் அட்டவணை எல்லாம் திறந்து கிடந்தன. அதே பெயரில் கோப்பைச் சேமிக்கச் சொன்னேன். சுட்டி நின்றுவிட்டது. கணினிப் பெட்டியின் சிறு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தேன். அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். கணினி மறுபடி எழுந்தது. பாட்டியின் கோப்பு திறக்கவில்லை. மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தோம்; மூன்று மாதத்தில் அவர் காலமாகிவிட்டார்.

கணினி தெரிந்த ஒரு சக ஆசிரியர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் நின்னு போகல டீச்சர். ரொம்ப மெதுவா வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. விட்டிருந்தா முடிச்சிருக்கும்."

நின்றுபோன கணினிக்கும் திணறிக்கொண்டிருக்கும் கணினிக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறேனே என்று தோன்றியது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்கிறேன். இந்தக் கதையின் ஒரு முனை இங்கிலாந்தில் இருக்கிறது. இன்னொரு முனை நம் செபராங் பிறை செலாத்தானிலேயே இருக்கிறது.

மேசை எது, அலமாரி எது?

கணினியில் பொருள் வைக்கும் இடம் இரண்டு. ஒன்று நினைவகம், நாம் 'ரேம்' என்று சொல்வது. அது உங்கள் மேசை மாதிரி. கை எட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் சிறியது. மின்சாரம் போனால் மேசை துடைத்துவிட்டது போலக் காலியாகிவிடும். மற்றொன்று வட்டு. அது ஸ்டோர் அறை அலமாரி. இடம் நிறைய உண்டு, வைத்தது வைத்தபடி இருக்கும், ஆனால் எழுந்து போய் எடுத்து வர வேண்டும்.

கணினி எந்த வேலையைச் செய்தாலும் மேசையில் வைத்துத்தான் செய்யும். மேசை நிரம்பினால் என்ன செய்வது? 'இடமில்லை' என்று கையை விரிக்கலாம். இல்லையென்றால், இப்போதைக்கு வேண்டாத புத்தகத்தை அலமாரிக்கு அனுப்பி, அந்த இடத்தில் புதியதை வைக்கலாம். இந்த இரண்டாவது வழிக்குத்தான் இடமாற்றம், ஆங்கிலப் பேச்சில் 'ஸ்வாப்', என்று பெயர். இதைக் கணினி தானாகவே செய்யும், நமக்குச் சொல்வதில்லை. சொல்லாமல் செய்வதுதான் இந்த உத்தியின் சிறப்பு, அதன் சிக்கலும் அதுவே.

மென்செஸ்டரில் பிறந்த உத்தி

1948 ஜூன் 21. மென்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி, தன் நினைவகத்திலேயே வைத்திருந்த நிரலை முதன்முறையாக இயக்கியது. 'பேபி' என்பது அதன் செல்லப்பெயர். பிரெடரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் உருவாக்கிய அந்த நினைவகம், பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தது போன்ற ஒரு கண்ணாடிக் குழாய். அதன் கொள்ளளவு 1,024 பிட். இன்றைய கணக்கில் 128 பைட். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் தேவை. அப்படியென்றால் அதில் 42 குறிகள்தான் அடங்கும். ஒரு குறளுக்கே சிரமம்.

அடுத்து வந்த மென்செஸ்டர் கணினிகளில் குழாய் நினைவகத்தோடு காந்த உருளை ஒன்றும் சேர்ந்தது. சுழன்றுகொண்டே இருக்கும் உருளையின் மேற்பரப்பில் தகவலைக் காந்தப் புள்ளிகளாக எழுதுவார்கள். நிறையக் கொள்ளும், ஆனால் வேகம் குறைவு. அதாவது, முதல் அலமாரி. நினைவகத்தை 'பக்கம் பக்கமாக'ப் பிரிக்கும் பேச்சும் அங்கேதான் புழங்கியது. எந்தப் பக்கத்தை எப்போது உருளைக்கு அனுப்புவது, எப்போது திரும்ப வரவழைப்பது என்பதை நிரல் எழுதுபவரே ஒவ்வொரு தடவையும் திட்டமிட வேண்டும். கணக்குப் போடுகிற நேரத்தைவிட மேசையைக் காலி செய்வது எப்படி என்று யோசிக்கும் நேரம் அதிகமாயிற்று.

இந்தச் சுமையை இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்பதுதான் அடுத்த பாய்ச்சல். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ச் என்பவர் 1956-இல் பெர்லினில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இந்த யோசனை உண்டு. அதைப் பெரிய கணினியில் செய்து காட்டியது கில்பர்னின் குழு. 1962 டிசம்பர் 7-இல் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் அவர்கள் 'ஒரே அடுக்குச் சேமிப்பு' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். உள்ளே வேகமான நினைவகம் ஒன்றும் மெதுவான உருளைகளும் தனித்தனியாகத்தான் இருந்தன. ஆனால் நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தது. இன்று நாம் மெய்நிகர் நினைவகம் என்று சொல்வது இதைத்தான்.

திருக்குறளை அட்லஸில் ஏற்றினால்

நாம் தமிழாசிரியர்கள். குறளை வைத்தே கணக்குப் பார்ப்போம். 1962-இல் ஒருங்குறி கிடையாது. ஒரு பேச்சுக்காக இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

அட்லஸின் வேகமான நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. இங்கே 'சொல்' என்பது 48 பிட், அதாவது 6 பைட். மொத்தம் 96 கிலோபைட். இது 32 பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பக்கத்துக்கு 512 சொல், 3,072 பைட். உருளைகளில் 98,304 சொல், 192 பக்கங்கள்.

ஒரு பக்கத்தில் 1,024 தமிழ்க் குறிகள் அடங்கும். பத்துக் குறள் கொண்ட ஓர் அதிகாரத்தைத் தாராளமாக வைக்கலாம். ஆக, 133 அதிகாரத்துக்கு 133 பக்கம். உருளையில் 192 பக்கம் இருப்பதால் திருக்குறள் முழுவதும் அடங்கிவிடும். மேசையிலோ ஒரு நேரத்தில் 32 அதிகாரம்தான்.

இப்போது வகுப்பை நடத்துங்கள். 'கல்வி' அதிகாரம் வேண்டும் என்கிறீர்கள். 40-ஆம் பக்கம் மேசையில் இருக்கிறதா என்று அட்லஸ் தன் 32 பதிவேடுகளைப் பார்க்கும். மேசையின் ஒவ்வோர் இடத்திலும் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்தப் பதிவேடுகள்தான் சொல்லும். இருந்தால் உடனே கிடைக்கும். இல்லையென்றால் உங்கள் நிரலைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு உருளையிலிருந்து கொண்டுவரும். வருகிற பக்கம் காத்துக்கிடக்கக் கூடாது என்பதற்காக மேசையில் ஓர் இடத்தை எப்போதும் காலியாக வைத்திருப்பார்கள். அந்த இடம் நிரம்பியதும் வேறொரு பக்கத்தை உருளைக்கு அனுப்பி, அடுத்த வரவுக்கு இடம் செய்வார்கள்.

எந்தப் பக்கத்தை அனுப்புவது? அதற்கென்று ஒரு 'கற்கும் நிரல்' இருந்தது. எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரமாகத் தொடவில்லை, முன்பு எவ்வளவு இடைவெளியில் தொட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, இனி நெடுநேரம் தேவைப்படாது என்று தோன்றும் பக்கத்தை அது அனுப்பும். 'கல்வி'யை நடத்துகிறவர் அடுத்துக் 'கல்லாமை', 'கேள்வி' என்று பக்கத்திலேயேதான் போவார். காமத்துப்பாலுக்குத் தாவ மாட்டார். நிரல்களும் பெரும்பாலும் அப்படியே நடந்துகொள்கின்றன. கொஞ்ச நேரத்துக்குக் கொஞ்சம் பக்கங்களையே திரும்பத் திரும்பத் தொடும். இந்தக் குணம் ஒன்றை நம்பித்தான் மெய்நிகர் நினைவகம் என்ற கட்டடமே நிற்கிறது.

வேலைக்குப் பதில் அலைச்சல்

அந்த நம்பிக்கை உடைந்தால்? நாற்பது மாணவர்கள் ஆளுக்கோர் அதிகாரத்தை ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் 32 இடம்தான். ஒருவருக்குக் கொண்டுவர இன்னொருவருடையதை அனுப்ப வேண்டும். அனுப்பிய மறு நிமிடமே அவர் அதைக் கேட்பார். நீங்கள் ஸ்டோருக்கும் வகுப்புக்கும் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். பாடம் நடக்காது.

1960-களில் பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கியபோது இதுவே நடந்தது. நிரல்களைக் கூட்டக் கூட்ட வேலை கூடிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் இன்னும் ஒரே ஒரு நிரல் சேர்ந்தாலும் மொத்தமும் சட்டென்று சரிந்துவிடும். இந்தச் சரிவை ஆராய்ந்து, காரணமும் தீர்வும் சொல்லி 1968-இல் கட்டுரை எழுதியவர் பீட்டர் டென்னிங். ஒரு நிரல் ஒரு காலகட்டத்தில் உண்மையாகவே தொட்டுப் புழங்கும் பக்கங்களின் தொகுதிக்குச் 'செயற்படு தொகுதி' என்ற கருத்தை அவர் வகுத்தார். ஓடுகிற எல்லா நிரல்களின் செயற்படு தொகுதிகளும் மேசையில் அடங்கினால் பிரச்சினை இல்லை. அடங்காவிட்டால், புதிய நிரலை உள்ளே விடக் கூடாது. இருப்பதில் ஒன்றையாவது ஓரமாக வைக்க வேண்டும்.

அன்று தமிழறையில் நான் பார்த்தது இந்தத் திணறலைத்தான். டென்னிங் சொன்ன வைத்தியம், சிலவற்றை மூடுவது. நான் செய்தது, அலமாரிக்கு எழுதிக்கொண்டிருந்தவரின் கையை வெட்டியது.

1972: இரண்டு செய்திகள்

1972 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 370 கணினிகளுக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது. ஆராய்ச்சிக்கூடத்து உத்தி அத்தோடு வணிக உலகின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

அதே 1972-இல், டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த பினாங்கில், பாயான் லெப்பாஸ் நெல்வயல்களில் சுதந்திர வாணிப வட்டாரம் எழுந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுப் பொருத்தும் தொழிற்சாலையை அங்கேதான் தொடங்கியது. அந்நாளில் இன்டெல்லின் முதன்மைச் சரக்கு நினைவகச் சில்லுகள். 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லு 1,024 பிட்டைக் கொண்டிருந்தது. மென்செஸ்டரின் கண்ணாடிக் குழாயில் இருந்த அதே அளவு, இப்போது ஒரு விரல்நுனியில்.

அதற்கு முன்பு நினைவகம் என்றால் காந்த வளையங்கள். நுண்ணிய வளையங்களுக்குள் கம்பிகளைக் கோத்துச் செய்ய வேண்டிய, பெரும்பாலும் பெண்களின் கைவேலை. சில்லு வந்த பிறகும் கைவேலை ஓயவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மலாய், சீன, இந்திய இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழைக் கம்பிகளைச் சில்லோடு இணைத்தார்கள். 1975-இல் இன்டெல்லின் பினாங்குத் தொழிற்சாலை தீயில் அழிந்தது. மறுபடி கட்டி எழுப்பினார்கள். உலகத்துக் கணினி மேசைகள் விரிவடைந்த கதையில் அந்தப் பெண்களின் கண்ணும் விரலும் உண்டு. உங்கள் மாணவர்களின் பாட்டிகளில் சிலர் அவர்களாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நம் மேசைக்கு வந்த கதை

தனியாள் கணினிக்கு இந்த உத்தி வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. 1985-இல் வந்த இன்டெல் 386 சில்லில் நினைவகத்தை 4,096 பைட் பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் வசதி இருந்தது. 1990-இல் வந்த வின்டோஸ் 3.0 அதைப் பயன்படுத்தி வட்டில் இடமாற்றுக் கோப்பு வைத்தது. 1995-இன் வின்டோஸ் 95, குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் போதும் என்றது. போதும்தான், ஆனால் வட்டு கிடுகிடுவென்று ஓடிக்கொண்டே இருக்கும்.

லினக்ஸின் கதை இன்னும் சுவையானது. 1991 இறுதியில், 2 மெகாபைட் நினைவகம் மட்டுமே வைத்திருந்த ஒரு ஜெர்மானியப் பயனர் தம்மால் லினக்ஸைத் தொகுக்க முடியவில்லை என்று எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, பக்கங்களை வட்டுக்கு அனுப்பும் வசதியை எழுதினார். அது 1992 ஜனவரியில் 0.12 பதிப்போடு வெளிவந்தது. சின்ன மேசை வைத்திருந்த ஒருவருக்காகச் செய்த காரியம் இன்று உலகமெங்கும் ஓடுகிறது.

ஒரு நொடியா, ஒரு நாளா?

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். என் கேள்விக்கு விடை கிடைத்தது இதில்தான். அட்லஸில் நினைவகத்தைத் தொட 2 மைக்ரோ நொடி. உருளையில் ஒன்றைத் தேடி எடுக்கச் சராசரி 6 மில்லி நொடி. ஏறக்குறைய 3,000 மடங்கு வித்தியாசம். மேசையில் எடுக்க ஒரு நொடி என்றால் அலமாரிக்குப் போய் வர 50 நிமிடம்.

பின்னாளில் நினைவகத்தின் வேகம் பல மடங்கு கூடியது. சுழலும் வன்தட்டோ அந்த அளவுக்கு வளரவில்லை. அது சுழன்றுதானே தேட வேண்டும்! இன்றும் ஏறக்குறைய 10 மில்லி நொடி எடுக்கிறது. வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. மேசையில் ஒரு நொடி என்றால் அலமாரியில் 27 மணி நேரத்துக்கு மேல். 1962-இல் செய்த பேரம், வன்தட்டுக் காலத்தில் நமக்கு நஷ்டமாகிப் போனது. பழைய கணினி மூச்சுத் திணறுவது அதனால்தான்.

எஸ்எஸ்டி என்ற சுழலாத வட்டு வந்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகக் குறைந்தது. அலமாரி 17 நிமிட தூரத்துக்கு வந்துவிட்டது. அட்லஸ் காலத்தைவிடவும் நல்ல பேரம்.

அந்த எஸ்எஸ்டி எங்கே உருவாகிறது தெரியுமா? மைக்ரான் நிறுவனம் நினைவகத் தொகுதிகளையும் எஸ்எஸ்டிகளையும் பொருத்திச் சோதிக்கும் புதிய தொழிற்சாலையை 2023 அக்டோபரில் பத்து காவானில் திறந்தது. சுங்கை பாக்காப் இருக்கும் அதே மாவட்டம். ஒரு காலத்தில் கரும்பும் பிறகு மற்றத் தோட்டப் பயிர்களும் விளைந்த மண். சுங்கை பாக்காப்பே 19-ஆம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற கரும்புத் தோட்ட முதலாளியால் எழுந்த ஊர்தான். நம் முன்னோர் கரும்பு வெட்டிய வட்டாரத்திலிருந்து இன்று உலகத்துக்கு மேசையும் போகிறது, அலமாரியும் போகிறது.

நம் கணினியில் என்ன பார்ப்பது?

வின்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.

நினைவகம் 70, 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் பதற வேண்டாம். காலி மேசையால் யாருக்கும் பயனில்லை. அண்மையில் திறந்த கோப்புகளைக் கணினி மிச்ச இடத்தில் வைத்துக்கொள்ளும். வேறு வேலை வந்தால் அதை விட்டுக்கொடுக்கும்.

நினைவகம் நிரம்பி, வட்டும் 100 விழுக்காட்டிலேயே நின்றால் அது திணறல். பொத்தானை அழுத்தாதீர்கள். உலாவிப் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். மெதுவாகத்தான் மூடும், பொறுங்கள். சேமிப்பு நடந்துகொண்டிருந்தால் விளக்கு அடங்கும்வரை கை வைக்க வேண்டாம்.

'ரேம் கிளீனர்' என்று வரும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அவற்றில் பல, பக்கங்களை வலுக்கட்டாயமாக அலமாரிக்குத் தள்ளிவிட்டு 'காலி செய்துவிட்டேன்' என்கின்றன. அடுத்த சொடுக்கில் எல்லாம் திரும்பி வர வேண்டும். இடமாற்றுக் கோப்பையும் நிறுத்திவிடாதீர்கள். அலமாரியே இல்லாத வகுப்பில் மேசை நிரம்பினால் நிரல் விழுந்துவிடும்.

'கம்ப்யூட்டர் போச்சு, புதுசு வாங்குங்க' என்று யாராவது சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: நினைவகம் எவ்வளவு? உள்ளே இருப்பது வன்தட்டா, எஸ்எஸ்டியா? 4 கிகாபைட்டும் வன்தட்டும் என்று பதில் வந்தால், பெரும்பாலும் முழுக் கணினியை மாற்ற வேண்டிய தேவை இல்லை. எங்கள் தமிழறைக் கணினிக்கு எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தை 8 கிகாபைட் ஆக்கினோம். இன்றும் அதில்தான் வேலை நடக்கிறது. பெற்றோரிடம் பணம் திரட்டும் முன் இதைப் பார்த்துவிடுவது நம் கடமை.

வகுப்பில் ஒரு நடவடிக்கையாகவும் செய்யலாம். ஆறு குறளட்டை மட்டுமே கொள்ளும் ஒரு மேசை, வகுப்பின் மூலையில் இருபது அட்டையுள்ள பெட்டி, ஒரு மாணவர் ஓட்டக்காரர். முதலில் ஒரே அதிகாரத்துக் குறள்களைக் கேளுங்கள். பிறகு கண்டபடி கேளுங்கள். ஓட்டக்காரர் எப்போது களைக்கிறார் என்று மாணவர்களே சொல்வார்கள். குறளும் மனத்தில் நிற்கும்.

கடைசியாக ஒன்று. மேசையில் இருப்பது சேமித்தது ஆகாது. அலமாரியில் இருப்பதும் ஒரே படி என்றால் பத்திரம் ஆகாது. மூலக் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். விரலியில் ஒரு படி, இணையச் சேமிப்பில் ஒரு படி வைத்த பிறகு கைப்பேசியிலிருந்து அழியுங்கள். பாட்டியைப் பதிவு செய்த மாணவி, அவர் சொன்னதில் நினைவிருந்ததை மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அதை மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். குரல் மட்டும் இல்லை.